மீன் டாக்டரின் கை

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்; குளிர்தான் என்னை விடுவதாக இல்லை.

என்னை மீன் டாக்டர் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறீர்களாம். வைத்தியம் இல்லை அப்பா. பண்ணை ட்ரவுட் மீன்களுக்கு நோயைக் கொடுத்து, எந்தக் கிருமி சீக்கிரம் கொல்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. என் கிருமி கண்ணாடித் தட்டில் சொகுசாக வளர்ந்து வீரியம் இழந்துவிட்டது. "உன் மீனெல்லாம் ஏன் இன்னும் சாகல?" என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் கத்தினார். கிருமியை ஒரு மீனின் உடம்பில் ஏற்றி, அங்கே பெருகியதைத் திரும்ப எடுத்தேன். அதற்குப் பழைய வெறி திரும்பிவிட்டது. அடுத்த முறை தொட்டியே செத்து மிதந்தது. பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பக்கத்துத் தொட்டி மீன்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் உப்புத் தண்ணீர் ஊசிதான். என்னைக் கண்டால் விழுந்தடித்து வரும். இந்த ஊரில் அப்படி வர வேறு யாரும் இல்லை. சோதனை முடிந்தால் அவற்றையும் கொன்றாக வேண்டும். நேற்று, தீவனம் போடுவதுபோல் கையை நீட்டினேன். எப்போதும்போல் வந்தன. பிடிப்பது சுலபமாக இருந்தது.

புது மீன்கள் வந்து இறங்குகின்றன, போகிறேன். தண்ணீரிலேயே கிடந்து கை வெடித்திருக்கிறது. களிம்பு வாங்கி அனுப்புங்கள். அந்தக் கை நேற்று நடுங்கவேயில்லை. எறும்பு மருந்துகூடப் போடவிடாத அம்மாவிடம் அதை மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்