தம்பியிடமிருந்து தற்காப்பு

மார்ச் 4, செவ்வாய்

மணிக்கட்டு வீக்கம் வடியவில்லை. கடையில் லென்ஸ் பொருத்தும்போது பிடி நழுவி, புது மூக்குக்கண்ணாடி ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது. முதலாளியம்மா கையைப் பார்த்தார். "வீட்ல யாராவது...?" என்று இழுத்தார்.

தம்பி என்றேன். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து திடீர் திடீரென்று கோபம் வருகிறது. அப்போது கையைப் பிடித்தானென்றால் விடமாட்டான்.

"ஏதாவது தற்காப்பு கத்துக்கோம்மா."

தம்பியிடமிருந்து தற்காப்பா? எழுதவே என்னமோ போல இருக்கிறது.

மார்ச் 8, சனி

கடைக்குப் பின்தெருவில் ஹாப்கிடோ என்றொரு தற்காப்புக் கலை வகுப்பு. அதற்கடுத்த தெருவில் ஐகிடோ. இரண்டு பலகையிலும் பெயருக்கு மேலே அதே மூன்று சீன எழுத்துகள்! விசாரித்தால், அது கொரியா, இது ஜப்பான், எழுத்து மட்டும் ஒன்று என்கிறார்கள். குழம்பியதுதான் மிச்சம். இரண்டிலும் ஒருநாள் போய்ப் பார்க்கலாமாம்.

மார்ச் 11, செவ்வாய்

ஹாப்கிடோ. மாஸ்டர் ஒரு பெண், என்னைவிடக் குள்ளம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விரலை விரி, முழங்கையை உள்ளே தள்ளு, கட்டைவிரல் பக்கமாக உருவு என்றார். மூன்றாம் தடவையே வந்துவிட்டது!

"மறுபடி பிடிக்கக் கூடாதில்ல?" என்று முழங்காலில் விடும் உதை ஒன்றும் காட்டினார். எனக்குக் காலே எழும்பவில்லை.

"யார நெனச்சு பயப்படற?"

நேரமாச்சு மேடம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஐகிடோ. வகுப்பு முழுக்க விழுந்து எழுந்ததுதான். சொல்லித் தருபவர் பகலில் பல் மருத்துவர். "பிடிக்கிறவனுக்கும் அடிபடக் கூடாது" என்றார். இதுதானே எனக்கு வேணும்!

"எப்ப சார் வரும்?"

"ஒரு வருஷம் போகட்டும், பேசலாம்."

ஒரு வருஷமா? அவன் நாளைக்கே பிடிச்சா?

மார்ச் 14, வெள்ளி

அங்கே சீக்கிரம் வரும், ஆனால் உதைக்கணும். இங்கே யாருக்கும் வலிக்காது, ஆனால் எப்போ? தலை சுத்துது.

மார்ச் 19, புதன்

நடந்துடுச்சு. சாப்பாடு ஆறுதேன்னு அவன் போனை வாங்கி வெச்சேன். பிடிச்சுட்டான். முழங்கை உள்ளே — கை உருவிட்டு வந்துடுச்சு. அடடா, வந்துடுச்சேன்னு நான் நிக்கிறேன், பிடி போன வேகத்துல அவன் முன்னால சாஞ்சுட்டான். மேசை விளிம்புல உதடு கிழிஞ்சு ரத்தம்.

"ஏங்க்கா தள்ளுன?"

தள்ளலடா. சத்தியமா தள்ளல. — தள்ளினேனா?

மார்ச் 22, சனி

ஹாப்கிடோ மாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன், தம்பிதான் என்பதையும். கேட்டுக்கொண்டே என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உதைய விடு. உருவறது உனக்கு வந்துடுச்சு. விழப் பழக அந்த ஐகிடோவுக்குப் போ" என்றார்.

"நான் விழலையே மேடம்."

"உன்ன யாரு சொன்னா? அவனக் கூட்டிட்டுப் போ."

ஏப்ரல் 12, சனி

அவனுடைய டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். ஐகிடோவில் உருளக் கூடாது, உட்கார்ந்தபடி பின்னால் சாய்ந்து பழகலாம் என்று அனுமதியும் தந்தார். பல் மருத்துவர் அவனை ஓரமாக உட்கார வைத்து, மோவாயை நெஞ்சில் ஒட்டி, பாயைத் தட்டிச் சாயப் பழக்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கோபம் நின்றுவிட்டதா? இல்லை. வியாழக்கிழமைகூடக் கத்தினான். எந்த வகுப்பு சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

முடிந்ததும், "அக்கா, என் கையப் பிடி" என்றான். பிடித்தேன். எப்படி உருவுவது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடேன்" என்றான், மெதுவாக.

விட்டேன்.