மழைக்கு விட்ட விடுமுறை

என் செல்ல மகளுக்கு,

நாளை உனக்குப் பதினெட்டு வயது முடிகிறது. ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் மட்டும் நீ என்னோடு இருக்கலாம் என்ற நீதிமன்ற உத்தரவும் அதோடு முடிகிறது. இவ்வளவு எழுதுவதற்குள் பலமுறை எழுந்துபோய் ஜன்னலில் நின்றுவிட்டேன்.

புதுக் காலண்டர் வந்ததும் சிவப்பு எண்களைத்தான் தேடுவேன். ஒரு விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணானால் அரசாங்கத்தையே திட்டுவேன்.

அடைமழைக்குத் திடீரென்று விடுமுறை விட்டார்களே, நினைவிருக்கிறதா? அலுவலகப் பையோடு நேராக உங்கள் வாசலுக்கு ஓடிவந்தேன். உன் அம்மா கேட்டைத் திறக்கவில்லை.

“காலண்டர்ல போட்ட லீவுதான் கணக்கு. மழைக்கு விட்டதெல்லாம் உத்தரவுல இல்ல. வேணும்னா உங்க வக்கீலையே கேளுங்க.”

கேட்டேன். “அவங்க சொல்றது சரிதான் சார்” என்றார், என்னிடம் ஃபீஸ் வாங்கிய மகானுபாவர். இருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த உத்தேசமும் இல்லை.

அன்று நான் மழையில் திரும்பி நடந்தபோது நீ மாடி ஜன்னலிலிருந்து கத்தினாய். “அப்பா, குடை இருக்கா?”

“பைக்குள்ள இருக்குடா கண்ணு.”

நாளை சாதாரண வேலை நாள். காலண்டரில் கறுப்பு எண். உன்னை அனுப்பச் சொல்லி இனி எந்த நீதிபதியிடமும் மனுப் போட முடியாது. உன்னைத்தான் கேட்க வேண்டும். அது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் லீவு போட்டிருக்கிறேன். வருவாயா?

இங்கே தூறத் தொடங்கிவிட்டது. அன்றைக்குப் பைக்குள் குடை இல்லையம்மா. இன்றுவரை நான் வாங்கவும் இல்லை. வந்தால், உன்னுடையதைக் கொண்டுவா.

அப்பா