நாடு கேட்ட கணினி

வீடு மாறியபோது கட்டிய பெட்டியொன்றை இன்று பிரித்தேன். உன் கையெழுத்தில் ‘லினக்ஸ் – தமிழ்’ என்று எழுதிய சீடி அடியில் கிடந்தது. நீ அழுத்தி எழுதுகிறவன். இந்த இரண்டு வருடத்தில் எழுத்து மங்கவேயில்லை.

ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்தில், சர்ச் மண்டபத்தில், ஆறு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரை தமிழில் வந்தால் பிள்ளைகளின் வகுப்புக்கு மண்டபத்தைத் தருவதாகக் கமிட்டி சொல்லியிருந்தது. வகுப்பு நடந்தால் உனக்கு வேலை, ஊரிலேயே இருக்கலாம்.

சீடியைப் போட்டுத் தமிழைத் தெரிவு செய்தோம். அடுத்து நாடு கேட்டது. தமிழுக்குக் கீழே இந்தியா மட்டும்தான் இருந்தது. இலங்கையைத் தேடி எடுத்தால் திரை ஆங்கிலத்துக்குப் போனது. இரண்டையும் சேர்த்துத் தர மாட்டேன் என்றது.

“இந்தியாவ அமுக்குடா மச்சான். ஏத்தி முடிச்சப்புறம் உள்ள போயி மாத்திக்கலாம்” என்றாய்.

முடியாது என்றேன். பிரஜாவுரிமைக்காக என் அப்பா கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசலில் நின்ற வருடங்களைச் சொன்னேன். நீ சிரித்தாய்.

“எங்க தாத்தாவ இந்தியாவுக்குக் கப்பல்லயே ஏத்தி அனுப்பிட்டாங்க. அவரே வாயத் தொறக்கல. பொட்டி கேட்டதுக்கு நீ கோவிச்சுக்கிற!”

“ஒனக்கு ரோசம் இல்ல.”

“ரோசத்த வச்சு பாடம் நடத்த ஏலாதுடா.”

கணினிகள் என் பொறுப்பில் இருந்தன. நான் சொன்னதே நடந்தது. ஆறிலும் இலங்கை, ஆறிலும் ஆங்கிலம். ஞாயிறு பூசை முடிந்து வந்த கமிட்டித் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “தமிழ்னு சொன்னீங்களே மாஸ்டர், இது நம்ம புள்ளைகளுக்கு வெளங்குமா?” மண்டபம் எங்களுக்குக் கிடைக்கவில்லை; அடுத்த வாரம் அதில் வாடகை நாற்காலிகளை அடுக்கினார்கள். அந்த மனிதரை மாத்தளைச் சந்தையில் கண்டால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நீ வேலை தேடிக் கொழும்புக்குப் போனாய். பஸ் ஏறும்போது, “ஒன் நாட்ட நீயே பாத்துக்க” என்றாய். அந்தச் சொல்லை நான் மன்னிக்கவில்லை.

அங்கே நீ தங்கியிருந்த லொட்ஜில் சோதனை என்று வந்தவர்கள் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உன் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் அல்ல, மாத்தளை என்றுதான் இருந்தது. உன் அம்மாவும் நானும் ஏறி இறங்காத பொலிஸ் நிலையம் இல்லை. போன மாதம் உன் அம்மா உனக்காக ஆத்மசாந்திப் பூசை கொடுத்தார். நான் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று அந்த சீடியை என் பழைய கணினியில் போட்டேன். தமிழ். இந்தியா. அமுக்கினேன்.

ஏறி முடிந்ததும் நீ சொன்னபடி மாற்றலாம் என்று உள்ளே போனேன். திரை முழுவதும் தமிழ். மணியைப் பார்த்தேன், இந்தியாவைக் கொடுத்தும் சுவர்க் கடிகாரம் காட்டிய அதே மணி. நாட்டின் பெயர் முகப்பில் எங்குமே இல்லை. மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

உன்மேல் வைத்திருந்த கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. இனி அதை யார்மேல் வைப்பது என்று எனக்குத் தெரியும்: அன்று அமுக்க மறுத்தவன்மேல்.