இரைச்சல் நிற்க ஒரு கை

போன மாதம், கணவர் தியாகு வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் செய்யப்போய்ச் சாப்பாட்டு மேசை முழுக்க ஒயராகக் கிடந்ததைப் பார்த்து, "இந்த வீட்ல எனக்கு ஒரு தட்டு வைக்கக்கூட இடம் இல்ல லா" என்று சொல்லிவிட்டு அமுதவள்ளி கிள்ளானில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று துணி எடுக்க வருகிறாளாம், அதுவும் தியாகு வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போக, அவர் நின்றபடியே ஒரு சீட்டு எழுதினார்.

"அமுதா, மீன் கறி உள்ள இருக்கு, சூடு பண்ணிக்க. மேசைய துடைச்சு வச்சிருக்கேன், ஒரு ஒயர்கூட இல்ல. தட்ட அதுல வச்சே சாப்பிடு. போறப்ப சாவிய பக்கத்து வீட்டு ஆன்டிகிட்ட குடுத்துரு.

ஆம்ப்ளிஃபையர் முடிஞ்சிருச்சு. நல்லாப் பாடுது. ஆனா உள்ள ஒரு இரைச்சல். வால்யூம் குமிழைப் பிடிச்சா நின்னுருது, கைய எடுத்தா திரும்ப வந்துருது. அதனால தினமும் அது பக்கத்துலயே நின்னுக்கிட்டுப் பாட்டுக் கேக்குறேன்."

பெயரைப் போட்டுவிட்டுக் காலில் சப்பாத்து மாட்டியவர், திரும்பி வந்து அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் நுணுக்கி எழுதினார்.

"அவசரம் இல்லன்னா நான் வர்ற வரைக்கும் இரு. நீ குமிழைப் பிடிச்சுக்க, நான் உக்காந்து ஒரு பாட்டு முழுசா கேக்குறேன். அப்புறம் நீ உக்காரு, நான் பிடிக்கிறேன்."

குமிழுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சின்ன ஒயரைப் பற்றவைத்தால் இரைச்சல் அடியோடு போய்விடும். அளவாக வெட்டி முனை சீவிய அந்த ஒயர் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை மட்டும் எழுதவில்லை.