அறுத்த சந்தனமரம்

வியாழன், இரவு.

இதையெல்லாம் எழுதி வைப்பது சரியா என்று தெரியவில்லை, மன்னிக்கவும். யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேவனஹள்ளி சைட்டில் இன்று நீலசந்திராவிலிருந்து வரும் டிரைவர் செல்வம் அண்ணன் டிராக்டரில் புதர் வெட்டும் மெஷினைப் பூட்டி முள்காட்டை அடித்தார். வெட்டாமல் விடவேண்டிய மரங்களுக்குச் சிவப்புத் துணி கட்டியது நான். சாயங்காலம் எண்ணினேன். சூப்பர்வைசரிடம், "ஒரு மரம் குறையுது சார்," என்றேன்.

"அந்தச் சந்தனமா? டிரைவர் அடிச்சிட்டான்மா. அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடு."

எந்த மரம் என்று நான் சொல்லவே இல்லை.

இதைக் கேட்டதும் செல்வம் அண்ணனுக்குக் கோபம். "நான் மெஷின்ல அடிச்சிருந்தா அடிமரம் துடைப்பக்கட்ட மாதிரி சிதறியிருக்கும். நீயே போய்ப் பாரும்மா."

போனேன். மேலே தழை கொட்டியிருந்தது. விலக்கினால் அடிமரம் தட்டு போல வழவழப்பாக இருந்தது. ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். போட்டோ எடுப்பதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நாளைக் காலையில் முதல் வேலையாக அங்கேதான் மறுபடி மெஷினை ஓட்டி அடிக்க வேண்டுமாம், சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அடித்துவிட்டால் அந்த அடிமரமும் சிதறிவிடும், பழி அண்ணன்மேல் விழுந்து அவர் வேலை போகும்; காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

பஸ் ஏறும்போது அண்ணனிடம் கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன். இங்கேயாவது எழுதுகிறேன்: அண்ணா, நாளைக்கு நான் வர்ற வரைக்கும் அங்க மெஷின ஓட்டாதீங்க.