காற்று நின்ற பொழுது

வாப்பா,

பேரன் சுவிஸிலிருந்து கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். வெள்ளைப் பனிமலை, மேலே மேகமே இல்லாத நீல வானம். நீங்கள் காணாத பிள்ளை, என் மகளின் மகன். பனியைத் தோண்டிப் பார்த்து, இன்றைக்கு ஆட்கள் மலையில் போகலாமா கூடாதா என்று சொல்வது அவன் வேலை. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேரன். கல்முனையில் வேறு யாருக்கு இருக்கு, வாப்பா?

"நல்ல வெயில்தானே மகன், ஆக்களைப் போக விடன்," என்றேன்.

"ஏலா உம்மம்மா, பாதையை மூடிட்டம். நேத்தெல்லாம் பனிக்காத்து. புதுப்பனி ஒரு பக்கமாக் குவிஞ்சு கிடக்கு, கால் வெச்சா மலைச்சரிவே வழுக்கி வரும். காத்து நிண்டிட்டு எண்டு வெளிக்கிடுற ஆக்கள்தான் மவுத்தாகுறாங்க."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல். காற்று வடக்கேயிருந்து வந்தது. நற்பிட்டிமுனை வயல் நெல்மூட்டைகளை வடக்குக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டு, நடுவீட்டில் நின்று, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற அதே பாங்கைச் சொன்னீர்கள். புயலடித்தால் வீட்டுக்கு வீடு ஆண்கள் பாங்கு சொல்வது நம் வழக்கம். சொல்லச் சொல்ல ஓடுகள் பறந்தன. பிறகு யாரோ கையால் பொத்தியதுபோல் காற்று நின்றது. ஓர் இலை அசையவில்லை.

"பாத்தியா, என்ட பாங்கு போய்ச் சேந்திட்டு," என்றீர்கள்.

"உங்கட குரலுக்குப் பயந்து ஓடியிருக்கும்," என்றா உம்மா. எல்லோரும் சிரித்தோம். புயலுக்கு நடுவில் காற்றில்லாத ஓர் இடம் உண்டென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

லாம்பை எடுத்தீர்கள். பின்வளவில் என் கலியாணத்துக்குக் கட்டிய வீடு. மகளுக்கு வீடு கொடுக்காமல் நம் ஊரில் கலியாணம் ஏது? அதற்கு அப்போதுதான் கூரை ஏறியிருந்தது.

"புள்ளட வீட்டுக் கூரையைப் பாத்திட்டு வாறன்."

தெற்குக் கதவால் போனீர்கள்.

காற்று தெற்கேயிருந்து திரும்பி வந்தது. நீங்கள் போன கதவே பிய்ந்து உள்ளே விழுந்தது. வாசலைத் தாண்டி எங்களுக்கு ஓர் அடி வைக்க ஏலவில்லை. அந்த இரைச்சலுக்குள் புது வீட்டிலிருந்து உங்கள் பாங்கு கேட்டது. நானும் உம்மாவும் கூடவே சொன்னோம். "ஹய்ய அலல் ஃபலாஹ்" என்று வெற்றிக்கு அழைக்கிற வரி வரை கேட்டது. மீதி வரிகள் வரவில்லை, காற்று மட்டும்தான்.

விடிந்ததும் இடிந்து விழுந்த சுவரைக் கிளறித்தான் உங்களை எடுத்தார்கள்.

இத்தனை வருடமும் அதை அல்லாஹ்வின் நாட்டம் என்றுதான் பொறுத்திருந்தேன். இப்போதும் அதுதான். ஆனால், காற்று நின்ற பிறகும் ஆட்களை மறித்து நிற்க ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதாம். அன்றைக்கு உங்களை வாசலில் மறிக்க யாருமில்லை. இன்றைக்கு உங்கள் இரத்தமே பனிக்குள் நின்று ஊரான் பிள்ளைகளை மறிக்கிறது.

கரண்ட் போய்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு பாதியில் நிற்கிற நாட்கள் உண்டு. அடுப்படியில் என் கையும் நின்றுவிடும். மீதியை நான் வாய்க்குள் சொல்லி முடித்துவிட்டுத்தான் அகப்பையைத் தொடுவேன், வாப்பா.