பத்தமடைக் கல்யாணக் குப்பாயங்கள்

அம்பாசமுத்திரம்,
1912 ஜூலை 9

கடல் தாண்டி மலைத்தோட்டத்தில் இருக்கும் என் அன்பான அத்தானுக்கு, சாரம்மாள் தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் எஸ்தரும் குட்டிப்பயலும் சுகம். அங்கே உங்கள் சுகத்தைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதினால் என்ன? ஒவ்வொரு முறையும் "நலம்" என்று ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறீர்கள்.

இங்கே சாரல் விழுகிறது. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. எஸ்தர் பாடம் நன்றாகச் சொல்லுகிறாள். நீங்கள் முகம் பார்க்காத சின்னவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இஸ்ரவேல் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டான். பயலே என்றால் சிரிக்கிறான்.

உங்கள் அண்ணாச்சி உங்களுக்கு ஒரு கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அது வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். உபதேசியார் வீட்டு மருமகள் கடைத்தெருவுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறாள், குடும்பப் பெயர் என்னாகும் என்று அவர்களுக்கு வருத்தம். பிள்ளைகளோடு அவர்கள் வீட்டுக்கே வந்து இருக்கச் சொன்னார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை, சரியென்றும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். சின்னவன் பிறந்தபின் நான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூட வேலைக்குப் போக முடியாமல் போனது உங்களுக்குத் தெரியும். நம் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஜவுளிக்கடை அகமது மீரான் அண்ணாச்சி வீடு. அவர் மனைவி ஷரீபா பீவி, எஸ்தர் போட்டிருந்த சட்டையின் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, தனக்கு ஒரு குப்பாயம் கேட்டார்கள். குப்பாயம் என்றால் அவர்கள் பெண்கள் போடும் முழுக்கைச் சட்டை. போர்டிங் பள்ளியில் படித்த தையல்தானே, தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவர்கள், "தையக்காரன் முன்னால நின்னு எங்க பொண்ணுவ அளவு கொடுக்க முடியுமா, சொல்லு. பழைய சட்டையக் கொடுத்து விடுதோம், அவன் ஒண்ணு தொங்கத் தைக்கான், இல்லேன்னா மூச்சு முட்டத் தைக்கான். நீ இங்கன இருக்கது தெரியாமப் போச்சே" என்றார்கள்.

அன்றிலிருந்து கடையில் துணி எடுக்கும் வீடுகளுக்கு அகமது மீரான் அண்ணாச்சியே என் பெயரைச் சொல்லியனுப்புகிறார். இதுவரை அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. மதிலுக்கு அப்பால் நின்று, இன்ன வீட்டுக்கு இன்ன துணி என்று சொல்லுவார். நான் இப்பால் நின்று பதில் சொல்லுவேன். கடைக்கும் வீடுகளுக்கும் நடுவில் இன்னொருத்தி இருக்கிறாள், வளையல்காரி மாடத்தி. எந்த வீட்டு உள்கட்டுக்கும் அவள் போகலாம். வளையல் போட்டுக்கொண்டே என் தையலைப் பற்றிப் பேசுவாள். நான் வீட்டைவிட்டு இறங்கவில்லை. என் பெயர் வீரவநல்லூர் வரை போய்விட்டது.

இப்போது பத்தமடையில் ஆசியா உம்மாள் என்ற பெரிய வீட்டு அம்மாள், தன் மகள் ஆபிதா பீவி கல்யாணத்துக்குப் பெண்ணுக்கும் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் குப்பாயம் கேட்டிருக்கிறார்கள். கூண்டு வண்டி அனுப்பினார்கள். சின்னவனையும் கூட்டிக்கொண்டு போய் அளவெடுத்து வந்தேன். துணி அடுத்த வாரம் வரும். ஒப்புக்கொண்டுவிட்டேன், அத்தான். உங்களைக் கேட்காமல் ஒப்புக்கொண்டதற்குக் கோபித்தாலும், முடித்துக் கொடுக்க உத்தரவு கொடுத்து எழுதுங்கள். அந்த மலைக்குளிரில் உங்களைக் கர்த்தர் காக்கட்டும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சாரம்மாள்


அம்பாசமுத்திரம்,
1912 செப்டம்பர் 20

அன்புள்ள அத்தானுக்கு, மனநிறைவோடும் கொஞ்சம் கோபத்தோடும் சாரம்மாள் எழுதுவது.

"நீ செய்வது எனக்குச் சம்மதம், கண்ணை மட்டும் பார்த்துக்கொள்" என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. அது கைக்கு வருமுன் இங்கே ஒரு பெரிய சோதனை வந்து போய்விட்டது. பயப்படாதீர்கள், பிள்ளை இப்போது சுகம்.

துணிமூட்டை ஷரீபா பீவி வீட்டில் வந்து இறங்கியிருந்தது. மறுநாள் காலையில் எடுத்துவரப் போகவேண்டும். விடிந்து பார்த்தால் சின்னவன் உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை. கண் திறக்கவில்லை, பால் குடிக்கவில்லை. அவனை மடியில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் துணியை வாங்கித் தைத்துவிடலாமா என்று ஒரு நேரம் நினைத்தேன். கல்யாண வீட்டில் எத்தனை சின்னப் பிள்ளைகள் இருக்கும் என்று நினைத்ததும் மனம் ஒப்பவில்லை. மாடத்தியை வாசலிலேயே நிறுத்தி, வீட்டில் நோவு கண்டிருக்கிறது, என் கை அந்தத் துணியில் படக்கூடாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பத்தமடைக்குச் சொல்லிவிட்டேன். அதோடு எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஷரீபா பீவி விடவில்லை. மதிலுக்கு அப்பால் நின்றுகொண்டு, "கைதான படக்கூடாது, வாயுமா படக்கூடாது? நீ சொல்லு, நாங்க வெட்டுதோம்" என்றார்கள். பத்தமடைக்கும் அவர்களே ஆள் விட்டுச் சம்மதம் வாங்கினார்கள். எடுத்த அளவெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. நான் இந்தப் பக்கம் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே சொல்ல, அவர்களும் மருமக்களும் அந்தப் பக்கம் வெட்டினார்கள். தைக்க ஆள் வேண்டுமே. ஆழ்வார்குறிச்சியில் என்னோடு போர்டிங்கில் படித்த ஜெபராணி இருக்கிறாள். கைப்பிள்ளைக்காரி, என்னைப்போலவே வீட்டில் இருக்கிறாள். மாடத்தி மூலம் ஆள் அனுப்பினேன். அவளோ, "பிள்ளையத் தூக்கிட்டு அங்கன வர முடியாது. வெட்டினதைக் கொடுத்துவிடு. இங்கேயும் தைக்கத் தெரிஞ்சவ நாலஞ்சு பேர் சும்மாதான் இருக்கோம்" என்று சொல்லியனுப்பினாள்.

துணியை ரயிலில் கொண்டுபோனது யார் தெரியுமா? உங்கள் அண்ணாச்சி. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று நாங்கள் மதில் தாண்டிப் பேசுவதை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஷரீபா பீவி வீட்டு வாசலுக்குப் போய் மூட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். தைத்ததைத் திரும்பக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். குடும்பப் பெயரைப் பற்றி அதற்குப்பின் பேச்சில்லை.

குப்பாயங்கள் கல்யாணத்துக்கு முன்னமே போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூடப் பிரித்துத் தைக்கவில்லையாம். மாடத்தி சொன்னபோது நான் அழுதுவிட்டேன். பிள்ளை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டதும் அந்த வாரம்தான்.

சின்னவன் அம்மை இறங்கிக் குளித்து எழுந்தபின் ஆசியா உம்மாளே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நோவு இருக்குன்னு மறைக்காமச் சொல்லிவிட்டியே, அதுக்காகத்தான் வந்தேன். இனி எங்க ஆளுகளுக்கு நீதான் தைக்கணும். ஏர்வாடியிலயும் மேலப்பாளையத்துலயும் சொல்லியிருக்கேன்" என்றார்கள். சொன்னபடியே அங்கிருந்தெல்லாம் கேட்டு வருகிறது. ஆழ்வார்குறிச்சியில் ஜெபராணியும் கூட்டாளிகளும் தைக்கிறார்கள். நான் வெட்டிக் கொடுக்கிறேன். அகமது மீரான் அண்ணாச்சி, "துணி நான் தாரேன், அளவும் வெட்டும் அந்த அம்மா பொறுப்பு. ஊர் ஊராப் போய்ப் பேச, துணி வரவழைக்க மதராஸ் கம்பெனிக்கு இங்கிலீஷில எழுத, நம்பிக்கையான ஆம்பளை ஒருத்தர் வேணும்" என்று ஷரீபா பீவியிடம் சொல்லியிருக்கிறார்.

இனி என் கோபம். உங்கள் தோட்டத்திலிருந்து ஊருக்கு வந்த நெல்லையப்பன் இங்கே வந்திருந்தார். முதலில் நீங்கள் நலம் என்றுதான் சொன்னார். எஸ்தர் அப்பா எப்போது வருவார்கள் என்று கேட்டதும் அவரால் மறைக்க முடியவில்லை. சாரல் காலம் முழுக்க உங்களுக்கு நாள் விட்டு நாள் குளிரோடு வரும் முறைக்காய்ச்சலாம். கம்பளியைப் போர்த்திக்கொண்டே ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறீர்களாம். வீட்டுக்குச் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினீர்களாம். நான் பிள்ளையின் நோவை ஊராருக்குச் சொன்னேன். நீங்கள் உங்கள் நோவை எனக்குச் சொல்லவில்லை.

நீங்கள் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மூடிப்போய் வேறு வழியில்லாமல் கப்பல் ஏறினீர்கள். கையில் ஒன்றுமில்லாமல் எப்படித் திரும்புவது என்ற எண்ணம்தான் உங்களை அங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அகமது மீரான் அண்ணாச்சி கேட்கிற ஆள் யார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. வேறு ஒருவரையும் சொல்லமாட்டேன்.

வந்துவிடுங்கள், அத்தான். முடியாமல் திரும்பி வந்தார் என்று யாரும் சொல்லமுடியாது. இங்கே வேலை கிடக்கிறது, நான் கூப்பிடுகிறேன், அதனால் வருகிறீர்கள். நீங்கள் கப்பல் ஏறும் நாள்வரைக்கும் அந்தக் காய்ச்சல் உங்களை அண்டாதபடி கர்த்தர் தம் கையால் மூடிக்கொள்வாராக.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
சாரம்மாள்